ஆயிரம் வாட்டும் நாற்பது வாட்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நம் புதுவைப் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குபவர் எவரும் தராசின் மீது ஒரு கண் வைத்தே வாங்குவர். தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அரசு முத்திரை வேண்டும் என்பது சட்டம். மீட்டரையும் கிராமையும் உலகுக்குத் தந்தது பிரான்சு நாடு; 1795ஆம் ஆண்டில் அதற்கென அங்கே சட்டம் இயற்றினர். நம் நாடு 1956இல் சட்டம் செய்து மெட்ரிக் முறையை ஏற்றது. ஆக, கால் கிலோ இறாலுக்குக்கூட முத்திரையிட்ட அளவு உண்டு. ஆனால் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மீது ‘1000 வாட்’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதை அளந்து பார்த்தவர் யார்?

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து எழவில்லை. என் தாய்மாமன் முத்தியால்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரை என்று ஆண்டு முழுதும் அவர் பிழைப்பு ஒலியோடுதான். வெளியூர்க் கடை ஒன்றில் அவர் வாங்கிய ஆம்ப்ளிஃபயர், ஓராண்டில் இரண்டு முறை ஸ்பீக்கர் பெட்டியிலுள்ள ட்வீட்டர்களை எரித்துவிட்டது. “ஆயிரம் வாட்டைத் தாங்காத ஸ்பீக்கர், மாற்றுங்கள்” என்றனர் கடைக்காரர். மாமாவும் மாற்றினார். வாடகையாக வந்த பணமெல்லாம் ட்வீட்டருக்கே போயிற்று.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மின்மாற்றியின் மீது 24-0-24, 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. இரு முனைகளுக்கும் இடையே 48 வோல்ட். ஐந்தால் பெருக்கினால் 240. வரவு இருநூற்று நாற்பது உள்ள வீட்டில் நாள்தோறும் ஆயிரம் செலவழிக்க முடியுமா? ஆற்றல் அழியா விதியை இதைவிட எளிதாகச் சொல்ல இயலாது. பிறகு அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது? பெட்டியில் அந்த எண்ணை அடுத்துப் ‘பி.எம்.பி.ஓ.’ என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கண நேர உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்லப்படும் இச்சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட இலக்கணம் கிடையாது. ஆகவே விற்பவர் விரும்பிய எண்ணைப் போட்டுக்கொள்ள முடிகிறது. அமெரிக்காவில் இத்தகைய விளம்பரங்களைக் கண்டு 1974ஆம் ஆண்டிலேயே கூட்டாட்சி வணிக ஆணையம் ஆம்ப்ளிஃபயர் வாட்டுக்கென்றே ஒரு விதி வகுத்தது. 2024இல் அதைத் திருத்தியது. 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 1 விழுக்காட்டுக்கும் குறைவான திரிபோடு தரும் வாட்டையே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

திரிபு என்பது யாது? 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள தூய சைன் அலையை உள்ளே அனுப்பினால், அதே வடிவம் பெரிதாகி வெளியே வர வேண்டும். சக்திக்கு மீறி முடுக்கினால் அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட அலையில் 3000, 5000, 7000 என்று நாம் அனுப்பாத மேற்சுரங்கள் முளைக்கும். அந்த உயர்ந்த அதிர்வெண்கள் நேரே ட்வீட்டருக்குப் போகின்றன. அதன் மெல்லிய கம்பிச் சுருள் சூடேறி எரிகிறது. சிறிய ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரைக் கொல்லும் விதம் இதுவே.

எந்த அலையையும் பல சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பதை ஃபூரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1822இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில் விளக்கினார். அப்போது நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தக் கணக்கைக் கணிப்பொறி நொடியில் செய்து முடிக்கும் குறுக்கு வழியைக் கூலி, டூக்கி என்னும் இருவர் 1965இல் தந்தனர். ஹியூலெட்-பக்கார்டு நிறுவனத்தின் முதல் விற்பனைப் பொருளே ஒலி அலையாக்கிதான். அலையாக்கி, திரிபுமானி என்று தனித்தனியே கருவிகள் வாங்க வேண்டிய வேலையை இன்று ஒரு மடிக்கணினியும், பாட்டுப் பதிவு செய்வோர் வைத்திருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் செய்துவிடுகின்றன. இன்டர்ஃபேஸை நண்பன் கொடுத்தான். மென்பொருள், ஜான் மல்காஹி என்பவர் உருவாக்கி இலவசமாக வழங்கும் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’.

முதலில் இன்டர்ஃபேஸின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே இணைத்து அதன் சொந்தத் திரிபை அளந்தேன், 0.003 விழுக்காடு. தராசின் தட்டு வெறுமையாக இருக்கும்போது முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது போன்றது இது. அடுத்து, ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம், 100 வாட் மின்தடை ஒன்றை மாட்டினேன். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை அப்படியே கொடுத்தால் இன்டர்ஃபேஸ் தாங்காது. ஆகையால் 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்துப் பதினொன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தேன். பிரிட்ஜ் முறையில் அமைந்த ஆம்ப்ளிஃபயரை இப்படி இணைக்கக் கூடாது. அதன் இரு முனைகளிலும் மின்னழுத்தம் இருக்கும். மென்பொருளுக்குத் தானாக வோல்ட் தெரியாது. எனவே 50 ஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, மல்டிமீட்டர் காட்டிய அளவை அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியபோது திரையில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஊசிகள் எழுந்தன, பிடுங்கியதும் அடங்கின.

மாமா எல்லாவற்றையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “இதெல்லாம் எதுக்கு மாப்ள? கிழியிற இடம் என் காதுக்குத் தெரியாதா?” என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஹெட்ஃபோனை அவரிடம் கொடுத்து, திரையை அவர் பார்க்காதபடி திருப்பிவைத்தேன். “மாமா, கிழியிற இடத்துல கை தூக்குங்க” என்று சொல்லி வால்யூமை மெல்ல ஏற்றினேன். 2.83 வோல்ட்டில், அதாவது 1 வாட்டில், திரிபு 0.06 விழுக்காடு. 10 வோல்ட், 15 வோல்ட், மாமா அசையவில்லை. 18 வோல்ட்டில் கை தூக்கினார். திரையில் 0.9 விழுக்காடு! இன்னும் ஒரு மயிரிழை திருப்பியதும் மேற்சுரங்கள் சீப்பின் பற்களைப் போல எழுந்து நின்றன; திரிபு 10 விழுக்காட்டைத் தாண்டியது.

பதினெட்டைப் பதினெட்டால் பெருக்கி எட்டால் வகுத்தால் 40.5 வாட். இரண்டு பக்கமும் சேர்த்து 81 வாட். ஆயிரம் என்று அச்சிட்ட பெட்டியின் உண்மையான பலம் இவ்வளவே.

மாமாவின் காது பொய் சொல்லவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் ஒலியோடு வாழ்ந்தவர் அவர். ஆயினும் அந்தக் காது கடைக்காரர் முன் செல்லவில்லையே! “உங்களுக்கு அப்படிக் கேட்கிறது” என்ற ஒரே சொல்லில் அவர் வாயை அடைத்துவிட்டார்கள். அளவு செய்வது இதுதான்: ஒருவருக்குள் இருக்கும் அறிவை, மற்றவரும் மறுக்க முடியாத சாட்சியாக வெளியே வைக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் படித்ததால் மாமாவுக்குப் புதிதாகத் தெரிந்தது அதிகமில்லை. அவருக்குத் தெரிந்ததை எழுதிக் காட்ட முடிந்தது; அவ்வளவே.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குச் சென்றோம். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றனர்; ஆனால் ஸ்பீக்கர் மீது பழி சொல்லவில்லை. மாமா வீட்டுக்கு வந்ததும் ‘1000 வாட்’ ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, ‘40 + 40, 8 ஓம்’ என்று பெயிண்டால் எழுதினார். வால்யூம் குமிழில் எல்லைக்கோடு ஒன்றும் போட்டார். அடுத்த வாரமே ஒருவர், “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு, இரண்டாயிரம் வாட் என்று சொன்ன வேறொருவரிடம் போய்விட்டார். வாட்டை இரு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும் என்று நான் விளக்க எண்ணினேன். அதற்குள் அவர் வண்டியேறிவிட்டார். மாமா எழுதியதை அழிக்கவில்லை. அதன் பின் இதுவரை ட்வீட்டர் ஒன்றும் எரியவில்லை.

நண்பர்களே, நம்மில் பலரிடம் மடிக்கணினி இருக்கிறது. மின்தடைகளைச் சில நூறு ரூபாயில் வாங்கிவிடலாம். நம் தெருவிலும் ஒரு மைக் செட்காரர் இருப்பார். ஆய்வகத்தில் கற்ற அளவை அவர் கடைத்திண்ணைக்கு எடுத்துச் செல்வோம். அவர் பெட்டிக்கு அரசு முத்திரை இல்லாவிட்டாலும் ஒரு நேர்மையான எண்ணையாவது எழுதிக் கொடுப்போம்.