சாக்பீஸ் துண்டு

 

மகள் வயிற்றுப் பேரனுக்கு ஐந்தரை வயது. பென்சிலைப் பிடித்தால் ரெண்டு நிமிஷத்தில் கை வலிக்கிறது என்பான். சட்டை பட்டன் போட வராது. சோற்றைப் பிசையச் சொன்னால் கை கூசுகிறது என்று அழுவான். காலருக்குள் இருக்கும் கம்பெனிச் சீட்டு உரசினால் சட்டையையே கழற்றி எறிவான். "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கே" என்று மகளைத் திட்டியது நான்தான்.

குழந்தைகள் டாக்டர் ஆக்குபேஷனல் தெரபிக்கு எழுதிக் கொடுத்தார். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறார்கள். இந்த வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில் என்று எனக்குச் சிரிப்பு. தெரபி கொடுக்கும் பெண் சொன்னாள்: "சாப்பிடுறது, உடுத்துறது, விளையாடுறது, எழுதுறது, இதெல்லாம்தாம்மா பிள்ளைங்க தொழில்."

முதல் மாதம் பென்சிலையே தொடவில்லை. அவன் ரெண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையால் நடக்க விட்டாள். ஈரத் துண்டைப் பிழியச் சொன்னாள். சப்பாத்தி மாவு உருட்டல், கொடியில் துணிக்கு கிளிப் மாட்டல், அரிசிக்குள் ஒளித்த புளியங்கொட்டையைத் தேடல். இதற்கா ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்து வருகிறோம் என்று எனக்கு எரிச்சல். கேட்டேவிட்டேன். முதுகும் தோளும் உறுதியாக நின்றால்தான் விரல் எழுதும், கால் தரையில் படாமல் தொங்கினாலே பிள்ளை நேராக உட்கார முடியாது என்றாள். என் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குக் கால் தொங்கியது!

பிறகு சுவரில் கரும்பலகை மாட்டி, ஒரு சாக்பீஸை மூன்றாக ஒடித்து, ஒரு துண்டை அவன் கையில் கொடுத்தாள். நீள சாக்பீஸ் என்றால் பிள்ளை முஷ்டியால் பிடிக்குமாம். துண்டு என்றால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தானாகச் சேருமாம்.

அங்கேயே எனக்கு மனசு கனத்துப் போச்சு. நான் துண்டு சாக்பீஸை எதற்கு வைத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். குறி தப்பாமல் எறிவேன்!

1991, நாலாம் வகுப்பு, மூன்றாவது வரிசை. எழுத்து கோட்டில் நிற்காது, பட்டன் மேலும் கீழும் மாறியிருக்கும். வாயைத் திறந்தால் கணக்கில் புலி. அவனைச் சோம்பேறி என்று வருஷம் முழுக்க அழைத்தேன். அவன் மேல் எறிந்த துண்டுகளை அவன் கையில் கொடுத்திருக்கலாம்.

நம் நாட்டில் இந்தப் படிப்பை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து இங்கே மருமகளாக வந்தவர். அதற்கு இருபத்தைந்து வருஷம் கழித்து நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். இப்படி ஒன்று இருப்பதாக ஒருவரும் சொன்னதில்லை.

மருமகனுக்குத் தென்காசிப் பக்கம். போனபோது ஆய்க்குடி அமர் சேவா சங்கம் பற்றிக் கேட்டறிந்தேன். 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981இல் ஆரம்பித்தது. அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பிள்ளை இருக்கும் வீட்டுக்கே போகிறார்கள், கையில் செல்போன் செயலியோடு. பஸ் ஏற முடியாத தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! நம் பக்கத்துச் சொந்தங்கள் யாருக்காவது தேவைப்பட்டால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. உங்கள் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடமும் கேளுங்கள். பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடும் என்று தள்ளாதீர்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

பேரன் இப்போது மூன்று பட்டன் போடுகிறான். நாலாவதற்கு அம்மா.

போன வாரம் அந்த 1991 பையனுக்குப் போன் போட்டேன். வருஷா வருஷம் செப்டம்பர் 5 அன்று தவறாமல் வாழ்த்து சொல்கிறவன். மேலூர் பக்கம் கடை வைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தான். "டீச்சர், இன்னைக்கும் எனக்குப் பட்டன் போட நேரமாகும். அதான் டீ-சர்ட்டே போடுறேன்."

எழுதலாமா என்று கேட்டேன். பேர் மட்டும் வேண்டாம் என்றான்.

ராத்திரி வாட்ஸப்பில் ஒரு நோட்டுப் பக்கம் அனுப்பினான். மகள் ரெண்டாம் வகுப்பாம். எழுத்து கோட்டில் நிற்கவில்லை. என்னவென்று சொல்ல நான் டாக்டர் இல்லை. சனிக்கிழமை பேரனோடு சேர்த்து அவளையும் கூட்டிப் போகிறேன், காலை ஒன்பதரைக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.