இடம் தீர்ந்த பெட்டி

ஆகஸ்ட் 12, 2014, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது. நாங்கள் இன்டர்நெட் கொடுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்தான் முதலில் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, கூகுள் ஜம்முன்னு வருதுங்க. ஜெர்மன்காரன் சைட்டு மட்டும் தொறக்கவே மாட்டீங்குது." அடுத்து ஒரு ஆஸ்பத்திரி. அதற்கடுத்து மூன்று கல்லூரிகள். லைன் அறுந்தால் எல்லாமே நிற்கும். இங்கே பாதி ஓடுகிறது, பாதி நிற்கிறது. எங்கே போய்த் தேடுவது? மெயின் ஸ்விட்சுக்குள் போனால் சிபியு 99 சதவீதம். லாகில் ஒரு வரி: டிகேம் நிறைந்துவிட்டது, சில ரூட்டுகள் இனி சாஃப்ட்வேர் வழியாகப் போகும்.

ஆகஸ்ட் 13

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்று தன் பெரிய முகவரித் தொகுதிகளைத் துண்டு துண்டாக்கி, சுமார் 15 ஆயிரம் புது ரூட்டுகளை வெளியே விட்டுவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நின்ற இன்டர்நெட் ரூட்டிங் டேபிள், அதாவது உலகத்து ரூட்டுகளின் பட்டியல், அதற்குள் 512கே-யைத் தொட்டுத் தாண்டிவிட்டது. கணக்காகச் சொன்னால் 5,24,288 வரிகள்.

எங்கள் பெட்டியின் டிகேமில் மொத்தம் பத்து லட்சத்துச் சொச்சம் இடம் உண்டு. பெட்டி வரும்போதே அதில் சரிபாதி பழைய ஐபிவி4 முகவரிகளுக்கு, மறுபாதி புதிய ஐபிவி6 முகவரிகளுக்கு என்று பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். ஐபிவி6 ரூட் ஒன்றுக்கு இரண்டு இடம் வேண்டும். அப்படியும் இன்று உலகில் இருக்கும் ஐபிவி6 ரூட்டுகள் இருபதாயிரம்கூடத் தேறாது. ரயிலில் கோட்டா இருக்கைகள் காலியாக ஓட, பக்கத்துப் பெட்டியில் ஜனம் தொங்கிக்கொண்டு போவது மாதிரி.

சாதாரண மெமரி என்றால் கடையில் வாங்கிச் செருகிவிடலாம். டிகேம் அப்படியில்லை. ஒரு முகவரியைக் கொடுத்தால் எல்லா வரிகளையும் ஒரே துடிப்பில் ஒப்பிட்டு விடை சொல்லும் சிப் அது. 0, 1 போக, "எதுவானாலும் சரி" என்று மூன்றாவது நிலையும் அதன் ஒவ்வொரு செல்லிலும் உண்டு. விலையும் அதிகம், சூடும் அதிகம். அதன் தயவில் நொடிக்குக் கோடிக்கணக்கில் பாக்கெட் தள்ளும் பெட்டி, சிபியு கைக்குப் போனால் லட்சங்களிலேயே மூச்சு வாங்குகிறது. ஜெர்மன்காரர் சைட் அந்த மூச்சிரைப்பில்தான் மாட்டியிருக்கிறது.

என்னை அழவைப்பது இன்னொன்று. டேபிள் மறுபடி சிறுத்துவிட்டது. பெட்டியோ இன்னும் "எக்ஸெப்ஷன்: ட்ரூ" என்கிறது, இன்னும் நிரம்பி வழிகிறதாம். ரீபூட் செய்தால் ஒழிய அது மாறாது.

ஆகஸ்ட் 14

ஆபீஸில் முடிவெடுக்கும் அண்ணனிடம் பேசினேன். ரூட் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு டிஃபால்ட் ரூட் ஒன்றை வைத்துக்கொள்ளலாமே என்றார். ஒரே வழி இருப்பவர்களுக்கு அது போதும். நமக்கு மேலே லைன் கொடுக்கும் கம்பெனிகள் இரண்டு. ஒருத்தருடைய நெட்வொர்க்குக்குள் எங்கோ பாதை உடைந்தால், டிஃபால்ட் ரூட்டுக்கு அது தெரியாது. இருட்டுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒத்துக்கொண்டார். நாளை சுதந்திர தினம், ஆபீஸ்கள் லீவு. விடியற்காலை இரண்டு மணிக்கு ரீபூட்.

இந்தப் பெட்டியை அணைத்து வருஷக்கணக்காகிறது. அணைத்தால் எழுந்திருக்குமா?

ஆகஸ்ட் 15

எழுந்துவிட்டது! டிகேமில் புதுப் பிரிப்பு: ஐபிவி4-க்கு 768கே ரூட், ஐபிவி6-க்கு 128கே. எக்ஸெப்ஷன்: ஃபால்ஸ். ரூட்டுகள் ஆயிரம் ஆயிரமாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திருப்பூர்க்காரருக்கு விடிந்ததும் போன் போட்டேன். "வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க" என்றார். அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்ட் 17

தூங்கினேன்.

ஆகஸ்ட் 21

கல்லூரி மேடம் ஆபீசுக்கே வந்துவிட்டார். அங்கே நெட்வொர்க் முழுதும் அவர் பொறுப்பு. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு /22 இருக்கிறது, 1,024 முகவரிகள். அதை நான்கு /24 ஆக உடைத்து அறிவிக்க வேண்டுமாம். இரண்டை ஒரு லைன் வழியாக, இரண்டை இன்னொரு லைன் வழியாக.

"ஒரு லைன் பிதுங்குது தம்பி, இன்னொண்ணு சும்மா கிடக்குது. காசு ரெண்டுக்கும் கட்டறோம்."

எப்போதும் நீளமாகப் பொருந்தும் ரூட்டுக்குத்தான் முதலிடம்; /24 இருந்தால் /22-ஐ யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் கேட்பது நிச்சயம் வேலை செய்யும். அதே நேரம், ஒரு வரி நான்காகும். எங்கள் பெட்டியில் மட்டுமல்ல, முழு டேபிள் வைத்திருக்கும் ஒவ்வொரு ரூட்டரிலும். அவருடைய கல்லூரிப் பெயரைக் கேட்டே இராத ஊர்களில்.

சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "உலகம் பூரா இதைத்தானே செய்யறாங்க? எங்க பிள்ளைங்க மட்டும் காத்துக்கிட்டு உக்காரணுமா?"

பதில் வரவில்லை எனக்கு. அவர் போனபின் டேபிளைத் திறந்து வரிசையாகப் பார்த்தேன். திரை திரையாக /24. பாதிக்கும் மேல் அதுதான். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் பிதுங்கும் லைனோடு ஒரு மேடம் இருப்பார் போல. போன வாரச் செவ்வாய்க்கிழமை நான் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 22

எரிச்சல். காரணம் எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 25

1993-ல் சிடர் என்ற முறை வந்ததே இதற்காகத்தான்: சிறு தொகுதிகளைச் சேர்த்து ஒரே வரியாகச் சொல்ல. அது வந்திராவிட்டால் ரூட்டர்கள் என்றைக்கோ படுத்திருக்கும். முகவரிகளைப் பங்கிடும் ஏபினிக்கைச் சேர்ந்த ஜெஃப் ஹஸ்டன் பல ஆண்டுகளாக டேபிளின் வளர்ச்சியை அளந்து எழுதி வருகிறார். ஆண்டுக்கு ஏறக்குறைய 50 ஆயிரம் வரி கூடுகிறது. அந்தக் கணக்கில் நாங்கள் ஒதுக்கிய 768கே 2019 வாக்கில் நிறையும். அண்ணனிடம் காட்டினேன். "அஞ்சு வருசம் இருக்குதே" என்றார். எனக்கு அஞ்சு வருஷம்தானே என்று தோன்றியது.

ஆகஸ்ட் 28

ஒரு வழி யோசித்தேன். /22-ஐ எல்லோருக்கும் சொல்லிவிட்டு, /24-களை "நோ-எக்ஸ்போர்ட்" என்ற குறி ஒட்டி மேலே இருக்கும் கம்பெனிக்கு அனுப்பினால் அவை அந்தக் கம்பெனிக்குள்ளேயே நின்றுவிடும். வேறு யார் டேபிளிலும் ஏறாது. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்கள் எந்த லைனில் நுழைவது என்பதை அது மாற்றாது. மேடம் கேட்டதில் கால்வாசிதான் கிடைக்கும்.

இரண்டு கான்ஃபிகும் எழுதி வைத்திருக்கிறேன். மேடத்துக்குத் திங்கட்கிழமை செமஸ்டர் தொடங்குகிறது, அதற்குள் சொல்ல வேண்டும். அண்ணன் "அவங்க கேட்டதைப் போட்டுவிடுப்பா, நாலு வரியில என்ன வந்துறப் போவுது" என்கிறார். நாளை மேடத்தை ஒருமுறை கூப்பிட்டு, நோ-எக்ஸ்போர்ட்டை ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று கேட்க வேண்டும்.