நான் என்ன கம்பெனியாடா?

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ரெண்டே வாரம் இருக்கும்போது, செயலாளரா இருந்த ஃபைனல் இயர் அக்காவுக்கு டைஃபாய்டு. பொறுப்பு என் தலையில். கெத்தா ஒரு மெயில் தட்டினேன்: 'ஐ ஆம் டேக்கிங் ஓவர் யூ.'

அரை மணி நேரத்தில் பதில்: 'நான் என்ன கம்பெனியாடா, நீ வாங்கிப் போடுறதுக்கு?'

செம பல்பு! அப்புறம்தான் டிக்‌ஷனரியைப் புரட்டினேன். டேக் ஓவர்னா ஒன்றின் கட்டுப்பாட்டைத் தன் கைக்குக் கொண்டுவர்றது. 2022 ஜனவரியில் டாடா குழுமம் ஏர் இந்தியாவை 'டேக் ஓவர்' பண்ணுச்சு. அங்கே 'ஃப்ரம்' தேவையில்லை. ஆனா ஒருத்தர் பார்த்த வேலையை நாம ஏத்துக்கிட்டா, 'டேக்கிங் ஓவர் ஃப்ரம் யூ'. ஒரு 'ஃப்ரம்' விட்டா ஆளையே விழுங்கின மாதிரி ஆயிடும். பெயர்ச்சொல்லா வந்தா 'டேக்ஓவர்'னு ஒரே வார்த்தை. 'ஓவர்டேக்' வேற, அது பஸ், லாரியை முந்துறது.

கிராமர் சரியாயிடுச்சு. வேலை?

வெட்கத்தில் அக்காவுக்கு நான் போனே பண்ணலை. ஆடிட்டோரியத்தை அவங்க புக் பண்ணிட்டாங்கனு நானும், 'அதான் டேக் ஓவர் பண்ணிட்டானே'னு அவங்களும் இருந்திருக்கோம். மூணு நாள் முன்னாடி ஆபீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்தா, அன்னைக்கு வேற டிபார்ட்மென்ட் பேர்! வெளிக் காலேஜ் பசங்க பணம் கட்டிப் பதிவு பண்ணியாச்சு. கடைசியில் டிராயிங் ஹாலில் டேபிள்களை ஓரங்கட்டி நடத்தினோம். காய்ச்சலில் பாதியா இளைச்சுப்போன அக்கா, "நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டா"னு சொன்னப்ப, திட்டியிருந்தாகூட தேவலைனு இருந்துச்சு.

2009 ஜனவரி 15. நியூயார்க்கில் கிளம்பிய விமானத்தில் பறவைகள் மோதி, ரெண்டு இன்ஜினும் போச்சு. ஓட்டிக்கிட்டிருந்தவர் துணை விமானி ஸ்கைல்ஸ். கேப்டன் சல்லன்பெர்கர் 'மை ஏர்கிராஃப்ட்' என்றார். ஸ்கைல்ஸ் திருப்பி 'யுவர் ஏர்கிராஃப்ட்' என்றார். அவ்வளவுதான், கன்ட்ரோல் கை மாறிடுச்சு. ஹட்சன் நதியில் இறக்கினாங்க. 155 பேரும் பிழைச்சாங்க. உயிர் போற அவசரத்திலும், யார் கையில் இருக்குனு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்தது.

இந்த வருஷம் ஜூனியர்கிட்ட ஒப்படைச்சேன். லிஸ்ட்டில் முதல் வரி, ஆடிட்டோரியம்.

"எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேண்ணா!"

அதைக் கேட்ட பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன்.