ஓய்வுநாளும் மருத்துவரும்

நோய் நாள் பார்த்து வருவதில்லை. மாரடைப்புக்கு வெள்ளிக்கிழமை மாலையும் ஒன்றுதான். திங்கட்கிழமை காலையும் ஒன்றுதான். பொது விடுமுறை என்று பேறுகால வலி வாசலில் தயங்கி நிற்பதில்லை. ஆதலின், மருத்துவர்கள் வார இறுதியிலும் பணியாற்றவே வேண்டும் என்று பலரும் கூறுகின்றனர். மறுக்கவியலாத வாதமாகவே இது தோன்றும். ஆயினும் இதில் இருவேறு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மருத்துவமனை ஓய்வுநாளிலும் முழுமையாக இயங்க வேண்டுமா என்பது ஒன்று. மருத்துவர் என்னும் மனிதர் ஓய்வின்றி உழைக்க வேண்டுமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும் விடையளிப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

முதலில், ஓய்வுநாள் என்பதே மனிதன் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. நம் நாட்டிலேயே கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் ஓய்வுநாள்கள். பிற மாநிலங்களில் சனியும் ஞாயிறும். ஜொகூர் மாநிலம் 2014 ஜனவரி முதல் நாள் வெள்ளி, சனிக்கு மாறிற்று. 2025 ஜனவரி முதல் நாள் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிற்று. ஓர் ஆணையினால் ஓய்வுநாள் இடம் பெயரும். நோய் அவ்வாணைக்குக் கட்டுப்படுவதில்லை.

மருத்துவர் எந்நேரமும் கிடைக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு நம்மவரிடையே ஆழ வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் தலைமுறை, ‘டிரசர்’ என்று அழைக்கப்பட்ட தோட்ட மருந்தக உதவியாளரை நன்கறியும். அவர் வீடும் மருந்தகமும் அருகருகே இருக்கும். நள்ளிரவில் குழந்தைக்கு வலிப்புக் கண்டால், தீப்பந்தமோ கைவிளக்கோ ஏந்தி அவர் கதவைத் தட்டுவோம். அவரும் எழுந்து வருவார். அவர் எப்போது உறங்கினார், அவர் மனைவி மக்களோடு எந்நாளில் வெளியூர் சென்றார் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு தனிமனிதரின் தியாகத்தை அக்காலத்துத் தோட்டம் ஓர் அமைப்பாகவே ஆக்கிக்கொண்டது. அந்த நன்றியுணர்வு போற்றத்தக்கது. அந்த ஏற்பாடு பின்பற்றத்தக்கதன்று.

2019-ஆம் ஆண்டில் என் தாயாரைப் பக்கவாதம் தாக்கியது. ஜொகூர் மாநிலத்து அரசு மருத்துவமனை ஒன்றில் வியாழக்கிழமை இரவு சேர்த்தோம். மருத்துவர் உடனே பார்த்தார். மூளைப் படம் அன்றிரவே எடுக்கப்பட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், கட்டிலின் தலைமாட்டில் வாய்வழியே எதுவும் கொடுக்கலாகாது என்றோர் அட்டையைத் தொங்கவிட்டனர். பக்கவாதம் கண்டவர்க்கு விழுங்கும் தசைகள் தளர்ந்திருந்தால், நீரும் உணவும் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். எனவே, விழுங்கும் ஆற்றலைச் சோதித்த பின்னரே உணவு தருவர். அச்சோதனையைச் செய்யும் பேச்சு சிகிச்சையாளர் வெள்ளியும் சனியும் வருவதில்லை. ஞாயிறு காலைதான் வருவார் என்றனர். நரம்பு வழியே உடலுக்கு நீர் ஏறிக்கொண்டிருந்தது. எனினும் அன்னையார் இரண்டு நாள்களாகக் குழறிய நாவால் ‘தண்ணி, தண்ணி’ என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பெற்ற தாய்க்கு ஒரு வாய் நீர் கொடுக்கவியலாமல் அருகில் அமர்ந்திருப்பது எத்தகைய வேதனை என்பதை அனுபவித்தவரே அறிவர்.

அவ்விரு நாள்களும் மருத்துவர் இல்லாமற் போகவில்லை. வெள்ளி காலை பணியேற்ற இளம் மருத்துவ அதிகாரி ஒருவர் சனிக்கிழமை நண்பகலிலும் அதே கூடத்தில் நின்றார். தாமே ஈரத்துணியால் அன்னையாரின் உதடுகளை நனைத்துவிட்டுப் போனார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. வார இறுதியில் மருத்துவர் வேலை செய்வதில்லை என்று புகார் கூறுவோர் அக்கண்களை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். அங்கே மருத்துவர் இருந்தார். மருத்துவமனையின் ஏனைய பகுதிகள்தாம் உறங்கிக் கிடந்தன.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் நிறைவில், மருத்துவம் நான்கு பகுதிகளையுடையது என்கிறார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். இந்நான்கில் மருத்துவர் ஒரு பகுதியே. இக்காலத்தில் அப்பணி செய்பவரின் வரிசை நீண்டுவிட்டது. தாதியர், மருந்தாளுநர், ஆய்வுக்கூடத்தார், இயன்முறை சிகிச்சையாளர் என எத்தனையோ கைகள் கூடினால்தான் ஒரு நோயாளி வீடு திரும்புகிறார். மருத்துவர் ஒருவரை மட்டும் ஞாயிற்றுக்கிழமையன்று நிறுத்திவிட்டு, மற்றவரையெல்லாம் வீட்டிற்கு அனுப்புவது, ஒரு காலைக் கொண்டு நாற்காலியை நிறுத்த முனைவது போன்றதாகும்.

வார இறுதியில் சேரும் நோயாளிகளின் நிலை பற்றி மேனாட்டார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1988 முதல் 1997 வரை அவசரப் பிரிவு வழியாகச் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 38 லட்சம் சேர்க்கைகளை ஆராய்ந்து, 2001-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இறப்புக்கு முதன்மையான 100 காரணங்களில் 23-இல், வார இறுதியில் சேர்ந்தோரிடையே இறப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருந்தது. இங்கிலாந்திலும் இத்தகைய முடிவுகள் 2015-இல் வெளியாயின. அவற்றைச் சுட்டிக்காட்டி, வாரம் ஏழு நாளும் மருத்துவச் சேவை வேண்டுமென்று அரசு வலியுறுத்திற்று. இளநிலை மருத்துவரின் பணி ஒப்பந்தம் பற்றிய பூசல் முற்றி, 2016-இல் அவர்கள் பல முறை வேலைநிறுத்தம் செய்தனர். ஏப்ரல் 26, 27 ஆகிய நாள்களில் அவசரச் சிகிச்சையிலிருந்தும் விலகி நின்றனர். அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வோ, ஞாயிற்றுக்கிழமைகளில் நிபுணர்களின் எண்ணிக்கை குறைவதற்கும் இறப்பு மிகுவதற்கும் தெளிவான தொடர்பைக் காணவில்லை. வார இறுதியில் மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் நோய் முற்றியவராய் இருப்பதும் ஒரு காரணமாகலாம் என்பர். மருத்துவரின் தலையை எண்ணுவதனால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பதையே இவை உணர்த்துகின்றன.

களைத்த மருத்துவர் நோயாளிக்கும் ஆபத்தானவர். 1984-இல் நியூயார்க் நகரில் லிபி சயன் என்னும் 18 வயது மாணவி மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்தவர்கள் நீண்ட நேரப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்கள். அதையொட்டி எழுந்த விவாதத்தின் பயனாக, 1989-இல் அம்மாநிலம் பயிற்சி மருத்துவரின் பணியை வாரத்துக்கு 80 மணி நேரம் என்றும், தொடர்ந்தாற்போல் 24 மணி நேரம் என்றும் வரையறுத்தது. நம் நாட்டிலும் பயிற்சி மருத்துவர்களுக்கு 2011-இல் முறைமாற்றுப் பணி வந்தது. 2021 ஜூலை 26-ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புடை அணிந்து வெளிநடப்புச் செய்ததை நாடே கண்டது. அவர்கள் கேட்டது ஞாயிற்றுக்கிழமையை அன்று. நிலையான பணியையும் எதிர்காலத்தையும் கேட்டார்கள்.

என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்று மருத்துவரான மாணவர் ஒருவர், இரவுப் பணி முடித்துக் கார் ஓட்டி வருகையில் கண்ணயர்ந்து, நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதினார். நல்லவேளையாக உயிர் தப்பினார். அவருடைய தாயார் என்னிடம், “ஐயா, என் மகன் ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறான்; அவனை யார் பார்ப்பது?” என்று கேட்டார். அந்தக் கேள்வி அவர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

பள்ளியை நடத்துபவன் என்னும் முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றைக் கூறுகிறேன். எந்த வகுப்பும் ஆசிரியரின்றி இருத்தலாகாது என்பது பள்ளியின் கடமை. அதற்காக ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளிலும் நிற்க வேண்டும் என்று எவரும் கூறமாட்டார். ஆசிரியர் ஒருவர் விடுப்பெடுத்தால் பதிலாசிரியரை அனுப்புகிறோம். சனிக்கிழமை மாற்றுப் பள்ளி நடத்தினால், அதற்கீடாக வேறொரு நாளை விடுகிறோம். இவ்வளவையும் தாங்கி நிற்பது கால அட்டவணை என்னும் ஒரு தாள்தான். அத்தாளில் நீதி இருந்தால் ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு இராது. மருத்துவமனைக்கும் இதுவே பொருந்தும். ஞாயிறு உழைத்தவர்க்குச் செவ்வாயோ புதனோ தவறாமல் ஓய்வு கிடைக்கட்டும். பேச்சு சிகிச்சையாளரும் ஆய்வுக்கூடத்தாரும் முறைவைத்து வரட்டும். ஆனால், ஐந்து நாளுக்குரிய ஆட்களைக் கொண்டே ஏழு நாளையும் நிரப்ப முயன்றால், எந்த அட்டவணையும் கிழிந்துதான் போகும். ஆட்களைப் பெருக்காமல் நாள்களைப் பெருக்குவது சீர்திருத்தமன்று, சுமையேற்றமேயாகும்.

பொதுமக்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. அரசு வெளிநோயாளர் பிரிவில் 1 வெள்ளி கட்டி மருத்துவம் பெறும் பேறு வாய்த்தவர் நாம். ஞாயிற்றுக்கிழமை சளிக்கும் இருமலுக்கும் அவசரப் பிரிவை நாடிவிட்டு, பச்சைப் பிரிவில் நெடுநேரம் காக்க வைத்தனர் என்று சினம் கொள்வது முறையன்று. அந்நேரம் சிவப்புப் பிரிவில் ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கக்கூடும்.

மருத்துவரைத் தெய்வமென்று போற்றுவது நம் மரபு. தெய்வத்துக்குப் பசியில்லை, உறக்கமில்லை. ஆகவே அவ்வாறு போற்றுவது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. இனி அவரை மனிதரென்று மதிக்கப் பழகுவோம். நோயாளிக்கு ஏழு நாளும் சிகிச்சை கிடைக்கட்டும். அதை அளிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஏழில் ஒரு நாளேனும் அவருடையதாக இருக்கட்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தரவல்ல நாடே நலமுள்ள நாடு.