30 டிராயர்களும் ஒரு மெழுகுவர்த்தியும்

திருச்சி தில்லைநகரில் ஒரு வீடு. கூடத்தின் சுவரோரம் நிற்கும் அந்த மர கேபினட்டைப் பற்றி விசாரிக்காமல் எந்த விருந்தாளியும் காபியைக் கையில் எடுத்ததில்லை. வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை, மொத்தம் 30 சின்ன டிராயர்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் பெயர்ச்சீட்டு செருக ஒரு பித்தளைச் சட்டம், இழுக்க ஒரு பித்தளைக் குமிழ்.

"நாட்டு மருந்துக்கடை அலமாரியா?" என்று கேட்பார்கள்.

"இல்லைங்க, லைப்ரரி கேட்டலாக்" என்பார் வீட்டுக்காரம்மா. குரலிலேயே பெருமை தெரியும்.

கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் கேபினட் பின்கட்டுக்குப் போனது. பிறகு உடைந்த நாற்காலிகளோடு ஏலத்துக்கு வந்தது. விறகுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் அவரே வாங்கி வந்துவிட்டார்.

நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இந்த டிராயர்கள் நினைவிருக்கும். 5 அங்குல அகலம், 3 அங்குல உயரத்தில் வரிசையாக அட்டைகள். ஒரே புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை. யாரும் உருவிக்கொண்டு போகாமலிருக்க, அட்டைகளின் அடித்துளை வழியே ஒரு கம்பி ஓடும். சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கென ஐந்து விதிகளை எழுதினார். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அதற்கான கருவிதான் இந்த டிராயர்கள். உலகின் பல நூலகங்களுக்கு அட்டை அச்சிட்டுத் தந்துவந்த அமெரிக்காவின் ஓ.சி.எல்.சி. அமைப்பு, சுமார் 190 கோடி அட்டைகளுக்குப் பிறகு, 2015 அக்டோபர் 1-ம் தேதி அச்சிடுவதை நிறுத்திக்கொண்டது.

தில்லைநகர் வீட்டில் கேபினட் பல வருடங்கள் அழகுக்குத்தான் நின்றது. மேலே ஒரு பித்தளைச் சொம்பு, பக்கத்தில் மணி பிளான்ட். டிராயர்களுக்குள் ஒன்றுமில்லை. வீட்டுச் சாமான்களின் இருப்பிடமெல்லாம் அந்த அம்மாவின் தலைக்குள் இருந்தது.

"அத்தை, ஊசி எங்கே?"

"ஏம்மா, டார்ச் எங்கே?"

"பாட்டி, என் ஸ்கூல் ஐ.டி. கார்டு?"

அடுப்படியில் இருந்தபடியே பதில் வரும். ஒருநாளும் தவறியதில்லை. கல்லூரியில் யார் வந்தாலும் அவரைக் கேட்காமலேயே புத்தகத்தைத் தேடி எடுக்க வழிசெய்து வைத்திருந்தவர், சொந்த வீட்டில் மட்டும் அவரைக் கேட்காமல் ஒரு ஊக்கைக்கூட எடுக்க முடியாதபடி வைத்திருந்தார். அது யாருக்கும் உறைக்கவில்லை. அவருக்கும்தான்.

ஒரு மார்கழி விடியலில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. மருத்துவமனையில் இன்ஷூரன்ஸ் கார்டு கேட்டார்கள். அவரோ வலிக்குப் போட்ட ஊசியில் அரை மயக்கத்தில் இருந்தார். மகன் வீட்டுக்கு ஓடிவந்து பீரோவைக் கொட்டினான். மாமனார் மேஜையைக் குடைந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் மருமகள்தான் கண்டுபிடித்தாள். 'பத்திரமா இருக்கட்டும்' என்று அத்தை வைத்த இடம்.

வீடு திரும்பிய பிறகு, ஒரு நாள் மருமகள் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினாள்.

"அத்தை, அந்த டிராயர்ல எல்லாம் ஏதாவது வைக்கலாமா? பேர் எழுதி..."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "எல்லாம் எழுதி வெச்சுட்டா, என்னை எதுக்குக் கூப்பிடப்போறீங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயம் கலந்திருந்ததை மருமகள் கவனித்தாள். வாக்கர் இல்லாமல் நடக்க முடியாத உடம்பு. இனி அந்த வீட்டில் தன் வேலை என்ன என்ற கேள்வி அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க யாருக்கும் கேட்டலாக் போடத் தெரியாதே அத்தை" என்றாள் மருமகள்.

மறுநாள் காலை கேபினட்டுக்கு முன்னால் ஒரு நாற்காலி போடப்பட்டது.

முதலில் மரத்தைப் பார்த்தார்கள். நுண்துளைகளிலிருந்து புதிதாக மரத்தூள் உதிர்ந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்படி எதுவும் இல்லை. மழைக்காலத்தில் ஓதம் ஏறாமலிருக்க, சுவரை ஒட்டி நின்றதைச் சற்று முன்னால் நகர்த்தினார்கள். பல டிராயர்களை ஒரே நேரத்தில் இழுத்தால் பாரம் முன்னால் சாய்ந்துவிடும், வீட்டில் சிறுவன் வேறு. அதனால் தச்சரை அழைத்து இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு பிணைத்தார்கள். இறுகியிருந்த டிராயர்களின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு வந்தன. பித்தளையைப் புளி போட்டுப் பளபளப்பாக்கலாம் என்றான் மகன். "வேண்டாம், அந்தப் பழுப்புதான் அதுக்கு அழகு" என்று சொல்லிவிட்டார் அம்மா. ஒவ்வொரு டிராயரிலும் ஒரு துண்டு வசம்பு போட்டார்கள்.

கம்பிகளைக் கழற்றியதும் இடம் கிடைத்தது. நூல்கண்டு, பட்டன், பேட்டரி, சாவி, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. மாத்திரைகள் சிறுவனின் கைக்கு எட்டாத மேல் வரிசைக்குப் போயின.

பேரன் பெயர்ச்சீட்டு எழுதினான். 'ஆவணங்கள்' என்று அவன் தொடங்கியதைப் பாட்டி தடுத்தார். "வெச்சவங்க சொல்ற பேரை எழுதக் கூடாதுப்பா. தேடுறவங்க வாயில வர்ற பேரை எழுதணும்." அந்தச் சீட்டு 'ஆஸ்பத்திரி' என்று மாறியது. இன்ஷூரன்ஸ் கார்டு, ரத்த வகை, டாக்டர் நம்பர், மூன்றும் அதற்குள்.

வீட்டுப் பத்திரம், பெரிய ஃபைல்கள் டிராயருக்குள் நுழையவில்லை. "நுழைய வேண்டாம்" என்றார் அவர். ஐந்து டிராயர்களில் மட்டும் கம்பியை மறுபடி மாட்டி, உள்ளே அட்டைகளைக் கோத்தார். 'வீட்டு வரி ரசீது: பீரோ, இரண்டாம் தட்டு, நீல ஃபைல்.' 'கொலு பொம்மை: பரண், இடது மூலை, பச்சை டிரங்குப் பெட்டி.' 'நவராத்திரி' என்று தேடுபவருக்காக இன்னோர் அட்டை: 'கொலு பொம்மை காண்க.' எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, அந்த டிராயர்கள் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தன.

சாமான்கள் முடிந்த பிறகும் அட்டைகள் முடியவில்லை. சாம்பார் பொடி அளவு, மாமனாருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து, மாமியாரின் மாமியார் திதி. தினம் இரண்டு மூன்று எழுதுவார். ஒரு மாலை மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்னைக் கேட்டு எடுத்தே பழகிப்போச்சு. டிராயரைப் பார்த்து எடுக்கறது என்னமோ மாதிரி இருக்கு."

"கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க, பழகிடும்" என்றார் அவர்.

சித்திரையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. கட்டிலில் படுத்திருந்தவர், வழக்கம்போல் குரல் கொடுக்க வாயெடுத்தார். அதற்குள் கூடத்தில் ஒரு டிராயர் இழுபடும் சத்தம். அடுத்த நொடி டார்ச் வெளிச்சம் அறைக்குள் வந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மனசுக்குள் நிம்மதியும் வந்தது, எதையோ விட்டுக்கொடுத்த மாதிரியும் இருந்தது.

"ஏம்மா" என்றது இருட்டில் கணவரின் குரல், "மெழுகுவர்த்தியை மட்டும் காணோமே, எங்கே வெச்சே?"

"அதை டிராயருக்கெல்லாம் தேய்ச்சே தீர்த்தாச்சு" என்றார் அவர். "நாளைக்கு வாங்கிட்டு வாங்க. அட்டை எழுதி வைக்கிறேன்."