நான் மட்டம் தட்டிய வாட்ச்

பொத்தானை அழுத்தி விநாடிகளை அளக்க உதவும் விலையுயர்ந்த குரோனோகிராஃப் வாட்ச்களை ஒப்பிட்டுத் தரம் சொல்வதில், சேகரிப்பாளர்கள் நடுவே எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நண்பரிடம் பொய் சொன்னேன்.

அவர் அப்பா விட்டுப்போனது ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். உள்ளே ஓடுவது 321 என்ற எந்திரம். நாலு பேர் கூடியிருந்த இடத்தில் அதைக் கழற்றிக் கொடுத்து, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். காதருகே வைத்துக்கூடப் பார்க்காமல், "வெளியில வாங்கிப் போட்ட எந்திரம். படெக் பிலிப் பக்கத்துல இதை வைக்கவே முடியாது" என்றேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். சில மாதங்களில் அவர் அதை விற்றுவிட்டார். "நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார்.

அந்த நாட்களில் நான் போற்றித் திரிந்தது படெக் பிலிப் 5004. இரண்டு விநாடி முட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். பொத்தானை அழுத்தினால் இரண்டு கவ்விகள் ஒரு முள்ளின் சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தும். மற்ற முள் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி அழுத்தினால் நின்ற முள் பாய்ந்து வந்து சேர்ந்துகொள்ளும். ஒரு முள் நிற்கும்போது ஏற்படும் உராய்வு எந்திரத்தின் வலுவைத் தின்னும். அதைத் தவிர்க்கவே 'ஆக்டோபஸ்' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் தனிச் சக்கரம் வைத்தார்கள். போதாததற்கு நிரந்தர நாட்காட்டி வேறு. இன்றும் அதை நினைத்தால் மனம் பொங்குகிறது.

ஆனால் இத்தனையையும் தாங்கும் அடிப்படை எந்திரம் லெமானியா என்ற வேறு நிறுவனத்தின் 2310. ஆல்பர்ட் பிகே 1940களில் வடிவமைத்தது, 27 மில்லிமீட்டர் விட்டம். ஒமேகா 321 என்று அழைத்ததும் இதைத்தான். படெக் பிலிப் முழுக்கத் தானே உருவாக்கிய குரோனோகிராஃப் எந்திரம் கைக்கடிகாரத்தில் வந்தது 2005இல். அதுவரை அவர்களும் வெளியில் வாங்கியவர்களே. வேறுபாடு மெருகில் இருக்கிறது: பாகங்களின் விளிம்பைச் சாய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் கைவேலையில். அது பெரிய வேறுபாடுதான். ஆனால் நான் அதையா சொன்னேன்? தொடக்கத்திலிருந்தே தன் சொந்த வடிவமைப்பில் வந்தது என்று புகழ வேண்டுமானால், 1999இல் கிளாஸ்ஹூட்டேயில் லாங்கே நிறுவனம் செய்த டேட்டோகிராஃபைச் சொல்லியிருக்கலாம்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். 1969இல் ஆல்ட்ரின் நிலவில் நடந்தபோது அவர் கையில் ஓடியதும் 321தான் என்பதும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தில் அவருடைய வாட்ச் உயர்ந்திருக்கும், என் தீர்ப்பு இறங்கியிருக்கும்.

நண்பரே, இது உங்கள் கண்ணில் பட்டால் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் அப்பா கட்டியிருந்தது அருமையான வாட்ச். வாங்கியவர் திருப்பித் தரச் சம்மதித்தால், அவர் கேட்கும் விலையை நான் தருகிறேன். ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.