குதிக்கும் இடம்

ஞாயிறு மாலை ஆறரை மணி. சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய புல்தரையில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு முஸ்தபா கடைப் பை, அதன்மேல் பாதி தின்ற முறுக்குப் பொட்டலம். நால்வரின் தலையும் கைப்பேசியில் கவிழ்ந்திருக்கிறது. சற்றுத் தள்ளி பெஞ்சில் நான்.

"பிளேன் வந்துடுச்சு. எல்லாரும் பீக்ல குதிங்க" என்கிறார் மூத்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனிகளில் சிமெண்ட் அரித்த வெடிப்புகள்.

ஃப்ரீ ஃபயர். ஐம்பது பேர் ஒரு தீவில் குதித்து, ஏறக்குறையப் பத்து நிமிடத்தில் கடைசியாக யார் மிஞ்சுகிறார் என்று பார்க்கும் ஆட்டம். 2017இல் இதை வெளியிட்ட கரேனாவும் சிங்கப்பூர் நிறுவனம்தான்.

முதலில் விரல்களைத்தான் பார்த்தேன். நால்வரில் இளையவனின் கட்டைவிரல்கள் ஓயாமல் துடிக்கின்றன. மூத்தவரின் விரல்கள் பாதி நேரம் சும்மா இருக்கின்றன. பிறகு கண்களைப் பார்த்தேன். அவர் பார்வை திரையின் இடது மேல் மூலைக்கு, அங்கிருக்கும் சின்ன வரைபடத்துக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது. "கிழக்க காலடி தெரியுது. ரஷ் போகாதீங்கடா." சொல்லி இரண்டு மூச்சு கழித்துத்தான் சுடும் சத்தம் கேட்கிறது. அதற்குள் அவர் போட்ட குளூ வால் என்னும் தடுப்புச் சுவர் எழுந்து நிற்கிறது. வந்த குண்டுகள் அதில் பட்டுத் தெறிக்கின்றன. அவசரமே படாத அந்தக் கை எல்லோரையும் முந்திவிட்டது.

"நாக் ஆயிட்டேண்ணே."

இளையவன்தான். "தனியா எங்கடா போய்க் குதிச்ச?" என்று மற்ற இருவரும் சிரிக்கிறார்கள். நான் பார்த்த ஐந்து ஆட்டத்தில் ஐந்து இடங்களில் குதித்தான். கிளாக் டவரில் இறங்கிய முறை ஆறு பேரை வீழ்த்தினான். மில்லில் துப்பாக்கி கைக்கு வருமுன்பே போய்விட்டான். பக்கத்தில் இருப்பவனோ ஒவ்வொரு முறையும் பீக்கில் அதே வீட்டில் இறங்கி, அதே ஜன்னலில் நின்று, கிட்டத்தட்ட அதே நிமிடத்தில் சாகிறான். அவனை யாரும் கேலி செய்யவில்லை.

அது எனக்கு உறுத்தியது. டாம் ஸ்டாஃபோர்டும் மைக்கேல் டியூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. ஆக்சான் என்ற எளிய இணைய விளையாட்டை ஆடிய 8,54,064 பேரின் மதிப்பெண்களை அலசியிருந்தார்கள். தொடக்க ஆட்டங்களில் மதிப்பெண் தாறுமாறாக ஏறி இறங்கியவர்கள் பின்னால் கூடுதலாக எடுக்கும் போக்கு அதில் தெரிந்தது. ஒரே மூச்சில் ஆடித் தீர்த்தவர்களைவிட, ஒரு நாளாவது இடைவெளி விட்டு வந்தவர்களின் ஆட்டமும் மேலாக இருந்தது. ஒரு நரம்பணுவை வளர்க்கும் அந்த ஆட்டத்துக்கும் இந்தத் துப்பாக்கி ஆட்டத்துக்கும் தூரம் அதிகம். ஆனாலும் வாரத்துக்கு ஒரு ஞாயிறு மட்டுமே கிடைக்கிற அந்த இளைய பையனிடம் இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை.

பலர் போகாத வழியில் போய் வென்றவரும் உண்டு. சிங்கப்பூர்க்காரர் ஹோ குன் சியான், 2013இல் லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் பட்டத்தை வென்றவர். அவர் கையில் எடுத்தது ஜென் என்ற கிழவர் பாத்திரம். ஜென்னுக்கு நிற்கும் நிலைகள் இரண்டு. நிலை மாறினால் அதே பொத்தானுக்கு அடியும் மாறிவிடும். பழகக் கடினம் என்று பலர் தொடாமல் விட்ட பாத்திரம் அது.

ஆறாவது ஆட்டத்தில் மூத்தவரும் சாகிறார். கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. மிஞ்சியிருக்கும் கூட்டாளியின் திரை அவர் திரையில் ஓட, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் பையனை அருகே இழுத்து, அட்டையில் சாவியால் ஒரு கோடு கிழிக்கிறார்.

"இது மேடு. நீ இங்க உக்காந்து லூட் எடுத்தியா? மேட்டுல நிக்கிறவனுக்கு உன் முதுகு முழுசாத் தெரியும். குதிக்கும்போதே மேடு எந்தப் பக்கம்னு பாத்துக்க."

கோடு போடும் கையில் தயக்கமே இல்லை. சற்று முன்பு, நாளைக்கு நாலாவது மாடிக்குச் சாரம் கட்ட வேண்டும் என்று அவர் சொன்னது காதில் விழுந்திருந்தது. அங்கேயும் பையனுக்கு இப்படித்தான் கீறிக் காட்டுவார் போலிருக்கிறது. பையன் கோட்டை வெகுநேரம் பார்க்கிறான்.

"சரிண்ணே."

எட்டே கால். டார்மிட்டரி பஸ்ஸுக்கு முன் இன்னும் ஒரு ஆட்டத்துக்கு நேரம் இருக்கிறது. இரண்டு பேர் பீக்கில் குதித்துவிட்டார்கள். பையன் காத்திருக்கிறான். விமானம் தீவின் கரையைத் தொடும் வேளையில், இதுவரை இறங்காத ஓர் இடத்தில் குதிக்கிறான். இந்த முறை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூத்தவர் அவனுக்குப் பின்னாலேயே குதிக்கிறார்.